சொரியாசிஸ் உள்ளவர்கள் சி.ஆர்.பி. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

என் அக்காவுக்கு 11 ஆண்டுகளாகச் சொரியாசிஸ், அதாவது தோலில் படை தடித்துச் செதில் உதிரும் நோய். சென்ற ஆண்டு ஓர் ஆய்வகத்தில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி வந்தால் ஏறும் ரத்தப் புரதத்தின் அளவு) 6.2 என்று வந்தது. மூன்று மாதம் கழித்து வேறோர் ஆய்வகத்தில் 0.7. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றுகூட அக்கா கேட்டாள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணை ஒட்டிப் பொடி எழுத்தில், முதல் தாளில் மி.கி./லிட்டர், இரண்டாவதில் மி.கி./டெசிலிட்டர். ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர், ஆகவே 0.7ஐப் பத்தால் பெருக்கினால் 7. குறையவே இல்லை.

ஆகவே முதல் வேலை, அலகைப் பார்ப்பது. எல்லா ரிப்போர்ட்டையும் மி.கி./லிட்டருக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள்.

இரண்டாவது, ரத்தம் கொடுத்த வாரத்தில் உடம்பு எப்படி இருந்தது என்று குறியுங்கள். சி.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதலில் கண்டார்கள். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் இன்டர்லூக்கின்-6 என்னும் சமிக்ஞை கல்லீரலை எட்டும், சி.ஆர்.பி. ஏறும். அது தோலா, பல் ஈறா, சிறுநீர்த் தொற்றா என்று இந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாது. தொற்று வந்த சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, சுமார் இரண்டு நாளில் உச்சம் தொடும். காரணம் நீங்கியதும் ஏறத்தாழ 19 மணிக்கொரு முறை பாதியாகும். காய்ச்சலோடு போய் ரத்தம் கொடுத்தால் காய்ச்சலைத்தான் அளந்து வருவீர்கள். உடல் பருமனும் புகைப்பழக்கமும்கூட இதைச் சற்று உயர்த்தியே வைத்திருக்கும்.

ரிப்போர்ட்டில் 'ஹெச்.எஸ். சி.ஆர்.பி.' என்றிருந்தால் அது நுண்ணிய அளவையும் காட்டும் சோதனை. அதில் வரும் 1, 3 என்ற எல்லைகள் இதய நோய் அபாயத்தைக் கணிக்க வகுத்தவை, தோலுக்காக அல்ல.

அடுத்ததுதான் மிக முக்கியம். தோலில் படை தடிக்கக் காரணமான இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-23 ஆகியவற்றை வழக்கமான ரத்தப் பரிசோதனை அளப்பதில்லை. முதுகு முழுக்கச் செதில் உதிரும் பலருக்கும் சி.ஆர்.பி. இயல்பாகவே இருக்கும். "ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோலைத் தோலிலேயே அளக்க வேண்டும். விரல்களும் சேர்ந்த உங்கள் ஒரு கை அளவு, உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். படை எத்தனை கை அளவு என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள்.

மூட்டையும் கவனியுங்கள். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, குதிகால் வலி, ஒரு விரல் முழுவதும் தடித்து வீங்குவது, இவற்றில் எது இருந்தாலும் சி.ஆர்.பி. எவ்வளவு என்று பார்த்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டழற்சி இயல்பான எண்ணோடும் வரும், கவனிக்காமல் விட்டால் மூட்டு சிதையும்.

மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான்.

இத்தனையையும் ஒரு நோட்டில் ஒரே வரியாக எழுதலாம். அன்று அக்காவின் நோட்டில் எழுதியது: 7 மி.கி./லிட்டர், காய்ச்சல் இல்லை, படை 4 கை அளவு, காலையில் விரல் மடங்க 40 நிமிடம். அந்த 40ஐப் பார்த்துத்தான் தோல் மருத்துவர் அவளை மூட்டு மருத்துவரிடம் அனுப்பினார்.