ஏஐயைத் திறக்கும் முன் பாட்டியிடம் உட்காருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பள்ளியில் ரப்பர் தோட்ட வரலாறு பற்றிக் கட்டுரை கேட்டால், பிள்ளைகள் நேராக ஏஐயைத்தான் திறக்கிறார்கள். திறக்கட்டும். துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்க 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதை அது சொல்லிவிடும். ஆண்டை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஆனால் முதலில் அரை மணி நேரம் பாட்டியோடு பேசச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யட்டும். "கஷ்டமா இருந்துச்சா பாட்டி?" என்றால் "ஆமாம்மா" என்பதோடு முடிந்துவிடும். "பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க? மழை பெஞ்சா சம்பளம் என்னாகும்?" என்று கேட்க வேண்டும். பெரட்டு என்றால் விடியலில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது.

என் மகளுக்கு ஏஐ எழுதித் தந்ததில், தொழிலாளர்கள் 'மகிழ்ச்சியுடன் பால் சேகரித்தனர்' என்று இருந்தது. அவள் அதை வாசித்துக் காட்டியதும், ரப்பர் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் மழைத்தண்ணீர் நிறைந்து பால் வீணான நாளை என் அம்மா சொன்னார். மங்கில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பால் வாடை கையை விட்டுப் போகாது என்று விரலை முகர்ந்து காட்டினார். நடுவில் கொஞ்ச நேரம் பேசவில்லை. மகள் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருந்தாள். எனக்கு அதுதான் பெரிய படிப்பாகத் தெரிந்தது.

அப்புறம் பத்தி பிரிக்க, எழுத்துப்பிழை பார்க்க ஏஐயிடம் கொடுங்கள். முடித்ததும் பாட்டிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே தப்பென்று அவரே சொல்லிவிடுவார்.