சமாதானக் கட்டுரையில் புறா பறக்கவிடாதீர்கள்

உயர்தர மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். தலைப்பு: 'சர்வதேச முரண்பாடுகளும் சமாதானமும்'. முதல் பத்துக் கட்டுரைகளில் ஆறு 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்றே தொடங்கின. ஏழாவதில் அந்த வரியை வாசிக்காமலே தாண்டிவிட்டேன். புறநானூற்று 192 ஆம் பாட்டை முழுதாக வாசித்தவர்களுக்குத் தெரியும்: ஆற்றோடு போகும் புணைபோல உயிரும் முறைவழியே போகிறது, ஆகவே பெரியோரை வியக்கவும் வேண்டாம், சிறியோரை இகழவும் வேண்டாம் என்பதுதான் புலவர் வந்துசேரும் இடம். அதைத் தொட்டு எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

அதைவிடப் பெரிய தவறு, உலகத்துப் போர்களையெல்லாம் ஒரே பந்தியில் அடைப்பது. உக்ரைனுக்கு மூன்று வரி, பலஸ்தீனத்துக்கு மூன்று வரி, காஷ்மீருக்கு இரண்டு. ஒன்றை எடுத்து ஆழமாகத் தோண்டுங்கள். அது தொலைவில்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? பாக்குநீரிணையில் எல்லை வகுக்கப்பட்டு, கச்சதீவு இலங்கைக்கு வந்தது 1974 உடன்படிக்கையால். கடலடியை வாரி இழுக்கும் வலையான அடிமட்ட இழுவைமடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. இன்றும் தமிழகத்து இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருகின்றன, நம்மவர்களின் வலைகள் அறுபடுகின்றன. பிடிபட்டு மறியலில் இருக்கும் இராமேஸ்வரத்துத் தொழிலாளியின் வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை. இரு கரையிலும் தமிழ் பேசும் ஒரு சர்வதேச முரண்பாடு! ஒரு மாணவன் ஐந்து பக்கம் உக்ரைனைப் பற்றி எழுதிவிட்டு, 'எனது அப்பாவின் வலையும் இருமுறை அறுந்தது' என்று கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்திருந்தான். அந்த வரிக்கு மேல் அவன் எழுதவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

போர்நிறுத்தத்தையும் சமாதானத்தையும் ஒன்றாக்கிவிடுவது இன்னொரு குழப்பம். கொரியாவில் 1953 ஜூலை 27 இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன, சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. நமக்கு இது சொல்லித் தெரியவேண்டியதுமில்லை. நோர்வேயின் அனுசரணையில் 2002 பெப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து 2008 ஜனவரியில் அரசு விலகியது.

'ஐ.நா. உடனே தலையிடவேண்டும்' என்று எழுதுமுன், பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், இருப்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். சொல்லெல்லையை மீறாதீர்கள், எண்ணிப் பார்க்கும் நடுவர்களும் உண்டு.

முடிவுரையில் வெள்ளைப் புறா, ஒலிவ் கிளை, 'கைகோப்போம் வாரீர்' எல்லாம் போகட்டும். பாக்குநீரிணைப் பிரச்சினை பற்றி இந்திய, இலங்கை மீனவர் பிரதிநிதிகள் 2014 இல் சென்னையிலும் கொழும்பிலும் பேசினார்கள். அந்தப் பேச்சு ஏன் நிலைக்கவில்லை? இழுவைப் படகுக்காகக் கடன் வாங்கியவருக்கு வேறு தொழில் யார் கொடுப்பது? இவற்றில் ஒன்றுக்கேனும் உங்கள் பதிலை எழுதுங்கள்.