வேற்று மக்களிடையே 'நம்ம ஆள்' ஆவது எப்படி

மொழிகளைப் பதிவு செய்யும் வேலைக்காக வேற்று மக்களோடு நெடுங்காலம் தங்கியிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அவங்கள மாதிரியே உடுத்தணுமா அக்கா?" என்றுதான். உடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நீங்கள் பயன்பட வேண்டும். அவர்களிடம் நீங்கள் கடன்படவும் வேண்டும். எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

போய் இறங்கியதும் நோட்டையும் ரெக்கார்டரையும் வெளியே எடுக்காதீர்கள். ஓயாமல் கேள்வி கேட்பவரை விருந்தாளியாகவோ அதிகாரியாகவோதான் பார்ப்பார்கள். முதலில் கைவேலை செய்யுங்கள். தண்ணீர் சுமக்கலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், பெரியவருக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லலாம். எதைச் செய்வதென்று அவர்களே சொல்லட்டும். பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலைதான் கிடைக்கும், சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மொழி பிடிபடுவதும் பிள்ளைகளிடம்தான். பெரியவர்கள் மரியாதைக்காக உங்கள் தப்பை விட்டுவிடுவார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

யாராவது ஒன்றைக் கொடுத்தால் அன்றைக்கே ஈடுகட்ட ஓடாதீர்கள். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பித் தருவது என்ற மூன்று கடமைகளும் சேர்ந்தே மனிதர்களைப் பிணைக்கின்றன என்று பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் விளக்கினார். உடனே காசைக் கொடுத்துவிட்டால் நீங்கள் வாடிக்கையாளர், அவ்வளவுதான். கொஞ்ச நாள் கடன்பட்டிருங்கள். பிறகு அவர்களுக்குத் தேவைப்படும்போது, வேறொரு உருவில் திருப்பிக் கொடுங்கள்.

ஆபத்து வரும் நேரம்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது. 1958 ஏப்ரலில் அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸும் மனைவி ஹில்ட்ரெடும் பாலித் தீவின் கிராமம் ஒன்றில் போய்த் தங்கினார்கள். அப்படி இருவர் வந்திருப்பதாகவே ஊரார் காட்டிக்கொள்ளவில்லை. பத்து நாள் போல ஆனபின், பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டுவதற்காக, சட்டத்தை மீறி ஒரு சேவல் சண்டை நடந்தது. நடுவில் போலீஸ் புகுந்தது. தாங்கள் யார் என்பதற்கான தாள்களைக் காட்டி கீர்ட்ஸ் தம்பதி ஒதுங்கி நின்றிருக்கலாம். ஆனால் ஊரோடு சேர்ந்து ஓடினார்கள். முன்னே ஓடிய ஒருவரின் வீட்டு வளாகத்துக்குள் நுழைந்தார்கள். தேடி வந்த போலீஸ்காரரிடம் அந்த வீட்டுக்காரரே அவர்களுக்காகப் பரிந்து பேசினார். மறுநாள் ஊரே அவர்கள் ஓடியதை நடித்துக் காட்டிச் சிரித்தது. திரும்பத் திரும்பக் கதையைச் சொல்லச் சொன்னது.

இப்படி ஒரு சந்தர்ப்பத்தை யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. ஆனால் ஊருக்கு ஒரு சங்கடம் வரும்போது உங்கள் அடையாள அட்டையை எடுத்து நீட்டாதிருக்க முடியும். அந்த ஒரு நொடியில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேலி தொடங்கிவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ கொழுத்த மாடு ஒன்றை வாங்கி விருந்துக்குக் கொடுத்தபோது, வெறும் எலும்புக்கூடு என்று அங்கிருந்த வேட்டைச் சமூகத்தார் ஆளாளுக்கு இகழ்ந்தார்கள். தங்கள் வேட்டைக்காரர்களுக்குத் தலைக்கனம் ஏறாதிருக்கச் செய்வதையே அவருக்கும் செய்தார்கள். என்னைப் பொறுத்தவரை, ஒரு பாட்டி என்னைத் திட்டி வேலை ஏவும்போதுதான் மனம் நிறையும். விருந்தாளியை யாரும் திட்டுவதில்லை.

ஏற்றுக்கொண்டபிறகும் அவர்களுக்காக நீங்கள் முந்திப் பேசாதீர்கள். 1960களில் கனடாவின் வடகோடியில் அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களில் ஒரு குடும்பம், மானிடவியலாளர் ஜீன் பிரிக்ஸை மகளாகவே ஏற்றிருந்தது. வெளியிலிருந்து வந்த மீன்பிடிப் பயணிகள் அந்த இனுயிட் மக்களின் படகு ஒன்றை உடைத்துவிட்டு இன்னொன்றையும் கேட்டபோது, பிரிக்ஸ் கோபமாகப் பேசினார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் கோபத்தைக் காட்டுவதே அங்கே பெரிய குற்றம்; பல வாரங்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். வெளியாட்கள் வந்தால் பின்னால் நில்லுங்கள். பேச வேண்டுமா, பேசினால் எந்தக் குரலில் என்பதை வீட்டுப் பெரியவரிடம் முதலில் கேளுங்கள்.