லேடெக்: சொந்தக் கட்டளைக்குப் பின் இடைவெளி விடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலைத் தாவரங்களைப் பற்றிச் சேலத்தில் லேடெக்கில் (கட்டளைகளைக் கொண்டு ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள்) ஆய்வேடு எழுதுபவர், அந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற செடியைப் பல இடங்களில் குறிப்பிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் முழுப்பெயரை அடிக்காமல் \வெர்னோ என்று அடித்தாலே முழுப்பெயர் அச்சாகும்படி சொந்தக் கட்டளை வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். லேடெக்கின் யூனிகோடு வடிவங்களான ஸீலேடெக்கிலும் லுவாலேடெக்கிலும் கட்டளைப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ஆனால் ‘\வெர்னோ செடி’ என்று அடித்தால் அச்சில் ‘சேர்வராயென்சிஸ்செடி’ என்று ஒட்டிக்கொண்டு வரும்.

எழுத்துகளால் ஆன கட்டளைப் பெயர் எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளமாகத்தான் லேடெக்கின் அடிப்படையான டெக் அந்த இடைவெளியை எடுத்துக்கொள்கிறது. நாலு இடைவெளி விட்டாலும் நாலும் போய்விடும். கட்டளை வரியின் கடைசியில் நின்றாலும் இதே கதைதான். \% போன்ற குறியீட்டுக் கட்டளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘11\% ஈரப்பதம்’ சரியாகவே வரும்.

பலர் உடனே செய்வது, கட்டளையின் வரையறை முடிவிலேயே ஓர் இடைவெளியைச் சேர்ப்பது. அதைச் செய்யாதீர்கள். அப்புறம் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் முன்னால் எல்லாம் வெற்றிடம் விழும். ~ குறியைச் சேர்த்தால் இன்னும் மோசம். அந்த இடத்தில் வரி உடையவும் உடையாது.

டேவிட் கார்லைல் எழுதிய எக்ஸ்-ஸ்பேஸ் (xspace) என்ற லேடெக் துணைத் தொகுப்பு, அடுத்து வருவதைப் பார்த்து இடைவெளி வேண்டுமா என்று ஊகிக்கும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி போன்றவை அதன் விதிவிலக்குப் பட்டியலில் உண்டு. நாம் தமிழில் போடும் வளைந்த மேற்கோள் குறி ” அதில் இல்லை. அதனால் மேற்கோள் முடியும் இடத்தில் தேவையில்லாத இடைவெளி வரும். பட்டியலில் நாமே சேர்க்கலாம்தான். ஆனாலும் ஊகத்தை நம்புவதைவிட \வெர்னோ{} என்று வெற்று அடைப்பு போடும் பழக்கமே மேல் என்பேன்.

தமிழுக்கு அது இன்னொரு வகையிலும் அவசியம். நாம் வேற்றுமை உருபைச் சேர்த்தே எழுதுகிறோம். ‘\வெர்னோவின்’ என்று அடித்தால் லேடெக் அதை முழுதும் வேறொரு கட்டளையாகப் படித்து, அப்படி ஒன்று வரையறுக்கப்படவில்லை என்று பிழை காட்டும். ‘\வெர்னோ{}’ போட்டாலும் ‘சேர்வராயென்சிஸ்’ புள்ளி எழுத்தில் முடிவதால், பின்னால் ‘இன்’ சேர்த்தால் ‘சேர்வராயென்சிஸ்இன்’ என்றுதான் நிற்கும்; ‘சேர்வராயென்சிஸின்’ ஆகாது. அந்த இடத்தில் ‘\வெர்னோ{} செடியின்’ என்று எழுதுவது நல்லது. ஏற்காடு, சேலம் போன்ற ஊர்ப்பெயர்களுக்குக் கட்டளையே வேண்டாம். ஏற்காட்டில், சேலத்தில் என்று அடிச்சொல்லே மாறும்போது கட்டளையால் என்ன பயன்?

வரையறையைப் பல வரிகளில் எழுதினால் உள்ளே ஒவ்வொரு வரி முடிவும் ஓர் இடைவெளியாகிவிடும். வரிக்கடைசியில் % போடுங்கள்; அது வரி முடிவை மறைத்துவிடும்.

பாதி ஆய்வேடு முடிந்திருந்தால், ‘\வெர்னோ’வும் அதன் பின் ஓர் இடைவெளியும் வரும் இடங்களைத் தேடி, ‘\வெர்னோ{}’ போட்டு அந்த இடைவெளியை அப்படியே விடுங்கள். வரிக்கடைசியில் நிற்கும் கட்டளைகள் அந்தத் தேடலில் சிக்காது. அவற்றைத் தனியாகப் பார்த்துத் திருத்த வேண்டும்.