கோயில்ல தாலி கட்டியாச்சு, சரி, பதிவு பண்ணியாச்சா?

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறக் கடையில் உட்கார்ந்தால், யாராவது ஒருவர் ஏதாவது ஒரு விண்ணப்பப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார். நான் வக்கீல் இல்லை, மலாய் பாரம் நிரப்பத் தெரியும், அவ்வளவுதான். போன மாதம் ஓர் அக்கா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, பணத்துக்காகப் போன இடத்தில் திருமணச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு படம், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாலையும் கழுத்துமாக இருவரும், ஓரமெல்லாம் கறையான் தின்றது. "தோட்டமே வந்து சாப்பிட்டுச்சு தம்பி, யாரை வேணும்னாலும் கேக்கச் சொல்லு" என்றார். யாரையும் கேட்க மாட்டார்கள் அக்கா, தாளைத்தான் கேட்பார்கள்.

அந்தத் தாளை எப்படி வாங்குவது என்பதைத்தான் எழுதுகிறேன். இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான வழி, முஸ்லிம்களுக்குச் சட்டமே வேறு.

முதலில் தாலி கட்டிய தேதியைப் பாருங்கள். 1 மார்ச் 1982, இதை மனதில் வையுங்கள். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் சம்பிரதாயப்படி ஒழுங்காக நடந்த கல்யாணத்தைச் சட்டம் பதிவானதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் கையில் சான்றிதழ் இருப்பது நல்லது, இருவரும் உயிரோடு இருக்கும்போதே ஜேபிஎன், அதாவது தேசியப் பதிவிலாகா, போய்ப் பழைய திருமணத்தைப் பதிய விண்ணப்பிக்கலாம். என் அம்மா அப்பாவை அப்படித்தான் கூட்டிப் போனேன். எந்த வருஷம் கல்யாணம் என்று கேட்டதற்கு அம்மா, "பால்மரத்தை வெட்டிட்டு செம்பனை போட்டாங்களே, அந்த வருஷம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தத் தேதிக்குப் பிறகு கோயிலில் மட்டும் கட்டியவர்களுக்குத்தான் சிக்கல். இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாலும் புதுமாப்பிள்ளை, புதுப்பெண் மாதிரியேதான் பதிய வேண்டும், சான்றிதழிலும் பதிந்த நாள்தான் வரும். வெட்கப்படாதீர்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு.

இருவரும் ஐ.சி.யோடு, அதாவது அடையாள அட்டையோடு, நேரில் போக வேண்டும். முன்பு மணமாகி விலகியவர் என்றால் மணவிலக்குத் தீர்ப்பு, துணையை இழந்தவர் என்றால் இறப்புப் பத்திரம், 21 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் சம்மதம். விண்ணப்பம் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும், யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று பார்ப்பதற்கான நாள்கள் அவை. அப்புறம் ஆறு மாதத்துக்குள் இரண்டு சாட்சிகளோடு போய் முடித்துவிடலாம். இன்னொருத்தியோடு ஏற்கெனவே பதிந்துவிட்டு அதை விலக்காமல் இருக்கிறவருக்கு இந்தப் பதிவு நடக்காது. "பாப்போம், பாப்போம்" என்று வருஷக்கணக்கில் இழுக்கிற மாப்பிள்ளையிடம் ஏன் என்று நேராகவே கேளுங்கள்.

போவதற்கு முதல் நாள் ராத்திரி பிறப்புப் பத்திரத்தையும் ஐ.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அந்தக் காலத்துக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், காதில் விழுந்தபடிதான் நம் ஆட்களின் பெயரை எழுதினார். என் தாத்தா பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி, அதற்கே எங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போனது.

இனி கல்யாணம் வைக்கிறவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். சில கோயில்களிலும் சங்கங்களிலும் அரசாங்கம் நியமித்த துணைப் பதிவதிகாரி இருக்கிறார், அவர் முன்னால் சடங்கு நடந்தால் பதிவும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் தாலி எடுத்துக் கொடுக்கிற ஐயர் எல்லாம் பதிவதிகாரி கிடையாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. பெற்றோர் பதியாமல் இருந்தால் அப்பா பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் போட இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். பெயர் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள், இல்லை. குடியுரிமை விஷயத்தில் அந்தப் பிள்ளைக்கு அம்மாவைத்தான் பார்ப்பார்கள். அம்மாவுக்குக் குடிமக்களுக்கான நீல ஐ.சி. இருந்தால் பரவாயில்லை, இந்தோனேசியாக்காரர் என்றாலோ கையில் ஒன்றுமே இல்லை என்றாலோ அப்பா நாலு தலைமுறையாக இந்த மண்ணில் இருந்தும் பிள்ளை வெளியாள் ஆகிவிடும். பிள்ளைகளின் முறைமை பற்றிய 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோர் பின்னால் பதிந்துகொண்டால் அந்த நாள் முதல் பிள்ளை முறைப்படியான பிள்ளைதான், சொத்துக்கும் வாரிசுதான். குடியுரிமைக்கு மட்டும் அது போதாது. வெளிநாட்டில் பிறந்து, பிறகு பெற்றோர் பதிந்துகொண்ட ஒரு பிள்ளையின் வழக்கில் 2021இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், பிறந்த நேரத்தில் இருந்த நிலைதான் கணக்கு என்று சொல்லிவிட்டது. ஏழு நீதிபதிகளில் நாலு பேர் அப்படி, மூன்று பேர் எதிராக. அதனால் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் வளைகாப்புக்கு முன்னால் பதிவு. பிள்ளை ஏற்கெனவே பிறந்து, குடியுரிமை இல்லாமல் இருந்தால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அரசாங்கத்தின் கையில், ஆனாலும் சின்ன வயதிலேயே போடுங்கள்.

சரி, அந்த அக்கா மாதிரி ஒருவர் போய்விட்டால்? இறந்தவரோடு திருமணத்தைப் பதிய முடியாது. ஆனால் முதலில் சொன்ன 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34வது பிரிவு, பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு திருமணம் செல்லாமல் போகாது என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம், ஆனால் கவுண்டரில் இல்லை, நீதிமன்றத்தில். கல்யாணப் படம், பத்திரிகை, கோயில் ரசீது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய கிளினிக் அட்டை, ஒன்றையும் வீசாமல் எடுத்துக்கொண்டு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறைக்குப் போங்கள். கவுண்டரில் முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கேளுங்கள், வாயால் சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பதிவு தள்ளிப்போகிறது என்றால் அதற்குள் ஊழியர் சேமநிதியில் வாரிசுப் பெயரையாவது போட்டு வையுங்கள். உயில் எழுதினால் இரண்டு சாட்சி வேண்டும், சொத்து வாங்கப்போகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாது. ஒன்று கவனம், சட்டப்படி கல்யாணம் ஆனால் முன்னால் எழுதிய உயில் ரத்தாகிவிடும், பதிந்த பிறகு புதிதாக எழுத வேண்டும்.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை போகாதீர்கள். தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, முடித்து, பஸ் பிடித்து, மத்தியானம் போய் நின்றால் கவுண்டர் 2.45 வரை மூடிக் கிடக்கும்.