பழைய வழக்கு இருந்தாலும் பிள்ளையைப் பார்க்க மனு போடுவது எப்படி?

சிறைக்குப் போய் வந்தவருக்குப் பெற்ற பிள்ளையைப் பார்க்கும் உரிமை போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை. நீதிமன்றம் கேட்பது ஒன்றுதான்: இந்தச் சந்திப்பு குழந்தைக்கு நல்லதா? உங்கள் வழக்கு அந்தக் கேள்விக்குள் வரும் ஒரு விஷயம், அவ்வளவே. தமிழ்நாட்டில் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் வழக்குக் காகிதங்களைச் சேகரியுங்கள். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பது வேறு, குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு நடப்பது வேறு, தண்டனை பெற்றது வேறு. விடுதலையான வழக்கென்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கட்டாயம் வேண்டும். ஜாமீனில் இருந்தால் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு இருந்தால் பிள்ளை இருக்கும் வீட்டுப் பக்கம் போகாதீர்கள், போனும் செய்யாதீர்கள். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை. அப்படி ஒரு புது வழக்கு வந்துவிட்டால் உங்கள் மனு அங்கேயே படுத்துவிடும்.

அடுத்து, எங்கே போடுவது? இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் அதிலேயே 26ஆவது பிரிவில் மனு போடலாம். இல்லையென்றால், குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்பதைப் பேசும் 1890ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில் தனி மனு. இந்த மனுவை வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊருக்கான குடும்ப நல நீதிமன்றத்தில்தான் அதைப் போட வேண்டும். நீங்கள் இருக்கும் ஊர் கணக்கில் வராது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேளுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரே போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து.

இனி மனு. நேரம் எடுத்து எழுத வேண்டிய இடம் இதுதான். உங்கள் வழக்கை நீங்களே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் தீர்ப்பு நகலோடு வரும். அவர்கள் சொல்லி நீதிபதி தெரிந்துகொண்டால், மறைத்தவர் என்ற பெயர் வழக்கைவிடப் பெரிதாகிவிடும். இப்படி எழுதலாம்: “மனுதாரர் 2017இல் அடிதடி வழக்கில் தண்டனை பெற்று அதை முழுமையாக அனுபவித்துள்ளார். அதன்பின் அவர் மீது வேறு வழக்கு இல்லை. அச்சம்பவத்தில் குழந்தைக்கோ அதன் தாய்க்கோ தொடர்பு இல்லை.” உண்மையாக இருந்தால் மட்டுமே இந்தக் கடைசி வரி. இன்றைய வேலைக்கான சான்று, குடியை விட்டவர் என்றால் சிகிச்சைப் பதிவு, ஜீவனாம்சம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் இணையுங்கள். ஜீவனாம்ச பாக்கியை வைத்துக்கொண்டு பாசத்தைப் பற்றிப் பேசினால் எடுபடாது. குழந்தையின் அம்மாவைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம்.

குழந்தையையே தாக்கிய வழக்கு, பாலியல் குற்றம் என்றால் நீதிமன்றம் சந்திப்பை முற்றிலும் மறுக்கலாம். அப்படி மறுப்பது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் வார இறுதி முழுக்க வேண்டும் என்றால் கிடைக்காது. நீதிமன்ற வளாகத்தில், யாராவது உடனிருக்க, இரண்டு மணி நேரம் என்று தொடங்கலாம். சென்னை குடும்ப நல நீதிமன்றத்தில் இதற்கென்றே குழந்தைகள் மையம் இருக்கிறது. கூடவே வீடியோ அழைப்பும் கேளுங்கள். பிள்ளையைப் பிரிந்திருக்கும் பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பேச முடிய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இறுதி உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால மனுவும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

நோட்டீஸ் போனபின் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். கேட்டதற்கு மட்டும் அமைதியாகப் பதில் சொன்னால் போதும். நீதிபதி பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதும் உண்டு. அதற்காக யார் மூலமாகவும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். குழந்தை அதைத் தாங்காது, நீதிபதிக்கும் தெரிந்துவிடும்.

உத்தரவு வந்தபின் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். பிள்ளையிடம் வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். எதிர்த்தரப்பு அழைத்து வராவிட்டால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்காமல், தேதியைக் குறித்து வைத்து வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் சொல்லுங்கள். குழந்தை தொடர்பான உத்தரவுகளைச் சூழ்நிலை மாறும்போது மாற்றலாம். சில மாதங்கள் சந்திப்பு ஒழுங்காக நடந்ததற்குப் பதிவு இருந்தால், நேரத்தைக் கூட்டவும் வெளியே அழைத்துப் போகவும் அதே நீதிமன்றத்தில் மறுபடி மனு போடலாம்.