அம்மாவைப் பார்க்க ஆள் தேடியபோது எங்கே தவறினோம்: திருகோணமலைக்காரருக்குச் சில குறிப்புகள்

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வேலைக்குப் போகிறவள், தம்பி கனடாவில். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் கண்ட இடமெல்லாம் கேட்டோம். அந்த மூன்று நாளில் செய்த தவறுகளின் விலையை அம்மாதான் அடுத்த நான்கு மாதம் கொடுத்தார். உவர்மலையிலும் உப்புவெளியிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, வேலை என்னவென்று தெரியாமல் ஆளைத் தேடியது. "வயசான அம்மா, நடக்க மாட்டா, கூட இருக்க ஒரு பிள்ளையைப் பாத்துத் தாங்கோ" என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். வந்த பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் சமைத்துப் போட்டுத் துணைக்கு இருப்பதுதான் வேலை என்று நினைத்து வந்தவள். அம்மாவைக் கட்டிலிலிருந்து கொமோட் கதிரைக்கு மாற்ற அவளுக்குத் தெரியாது. இரண்டாம் நாளே அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அம்மாவுக்கோ பயம் பிடித்துக்கொண்டது.

ஆளைத் தேடும் முன் ஒரு தாளை எடுத்து, விடிய 5 மணியிலிருந்து மறுநாள் விடிய 5 மணி வரை அந்த முதியவருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். எழுந்து உட்கார உதவி வேண்டுமா, தானாகச் சாப்பிடுவாரா, இரவில் எத்தனை தரம் எழும்புவார், எந்த மருந்து எப்போது என்று எல்லாம் அதில் வரட்டும். எழுதி முடித்தால் உங்களுக்கு வேண்டியது வீட்டு உதவியா, பயிற்சி பெற்ற பராமரிப்பாளரா, தாதியா என்பது தெரிந்துவிடும். சமையலும் துணையும் என்றால் வீட்டு உதவி போதும். தூக்கி மாற்றுவது, குளிப்பாட்டுவது, பம்பஸ் மாற்றுவது, படுக்கையில் திருப்பிவிடுவது எல்லாம் பழகிய பராமரிப்பாளர் செய்ய வேண்டியவை. மூக்குக் குழாயில் உணவு கொடுப்பது, சிறுநீர்க் குழாய், ஆழமான புண்ணுக்கு மருந்து கட்டுவது போன்றவற்றை ஒரு தாதி செய்ய வேண்டும். குறைந்தது தாதி ஒருவர் நேரில் வந்து காட்டிக்கொடுத்து, சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும் முன்பே வாட்டில் உள்ள மிஸ்ஸியிடம் இந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. பில்லையும் மருந்தையும் வாங்கிக்கொண்டு ஓட்டோ பிடிக்கத்தான் அவசரப்பட்டோம்.

"24 மணிநேரமும் ஆள் இருப்பா"

இந்தச் சொல்லை நம்பாதீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் படுக்கைப் புண் வராமல் காக்க 2 மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுவது வழக்கம். இரவு 10 மணிக்குப் படுத்தால் விடிய 6 மணிக்குள் மூன்று நான்கு தரம் எழும்ப வேண்டும். அப்படி எழும்பின ஒருத்திதான் காலையில் இடியப்பம் அவித்து, துணி தோய்த்து, மத்தியானம் குளிப்பாட்டவும் வேண்டும் என்றால் எத்தனை நாளுக்கு உடம்பு தாங்கும்? எங்கள் வீட்டில் மூன்று கிழமை தாங்கியது. பிறகு "வீட்ட போட்டு வாறன் அக்கா" என்று போனவள் திரும்பி வரவில்லை. அவள்மீது எனக்குக் கோபமே வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

இரவைக் குடும்பத்தில் ஒருவர் எடுங்கள், அல்லது இரவுக்கு வேறோர் ஆளைப் பாருங்கள். கிழமைக்கு ஒரு முழு நாள் விடுமுறையை முதல் நாளே பேசி எழுதுங்கள். அந்த நாளில் யார் வந்து நிற்பார் என்பதையும் அதே இடத்தில் முடிவுசெய்யுங்கள். பயிற்சியைவிட ஓய்வுதான் ஒரு பராமரிப்பாளரை வீட்டில் நிலைக்க வைக்கிறது என்பது என் அனுபவம்.

இரண்டாவது முறை ஒரு முகவர் வழியாகப் போனோம். வட்சப்பில் படமும் சான்றிதழும் அனுப்பினார்கள். தம்பி அங்கிருந்தே முற்பணத்தைப் போட்டான். வந்தவர் படத்தில் இருந்தவர் அல்ல. இந்த வேலையைப் பெரிதாகச் செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பில்தான் இருக்கின்றன. அங்கிருந்து இங்கே வர 250 கிலோமீற்றருக்கு மேல். "ஆள் சரிவராவிட்டால் மாற்றித் தருவோம்" என்று சொல்வது எளிது. மாரி மழையில் வீதியை வெள்ளம் மூடியிருக்கும்போது அந்த மாற்று ஆள் எத்தனை நாளில் வந்து சேருவார் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, ஆளின் கைக்கு மாதம் எவ்வளவு போகிறது, முகவருக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். நீங்கள் கொடுப்பதில் பாதிகூட அவர் கைக்குப் போகவில்லை என்றால் அவர் நிலைக்க மாட்டார். ஆளை நேரில் பார்க்காமல், அடையாள அட்டையை ஒத்துப்பார்க்காமல் முற்பணம் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே ஒரு சித்தியையோ மச்சானையோ அனுப்பியாவது பார்க்கச் செய்யுங்கள்.

சான்றிதழும் ஆளும்

பராமரிப்பாளருக்கு இலங்கையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. என்விகியூ மட்டம் 3, மட்டம் 4 என்று சொல்வார்கள். இருந்தால் நல்லது. ஆனால் அந்தப் படிப்பைப் படிப்பவர்களில் பலர் இஸ்ரேல் போன்ற நாடுகளுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள். அதில் ஒரு பிழையும் இல்லை, அது அவர்களின் வாழ்க்கை. "வெளிநாட்டுக்குப் பதிந்திருக்கிறீர்களா, எப்போது போக வேண்டி வரும்?" என்று முகத்துக்கு நேரே அன்பாகக் கேளுங்கள். ஆறு மாதம் இருப்பேன் என்று உண்மை சொல்பவர், எப்போதும் இருப்பேன் என்பவரைவிட மேல்.

சான்றிதழ் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் கண்முன்னே ஒரு முறை அம்மாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றச் சொல்லுங்கள். தொடும் முன் "அம்மா, இப்ப எழும்புவமா?" என்று சொல்லிவிட்டுத் தொடுகிறாரா, கதிரையின் பிரேக்கைப் பூட்டுகிறாரா, கையைப் பிடித்து இழுக்கிறாரா இல்லை உடம்போடு அணைத்துத் தூக்குகிறாரா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். கிராம சேவகரின் நற்சான்றிதழையும் வாங்குங்கள். முன்பு வேலை செய்த வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, "திரும்ப வந்தால் எடுப்பீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் மௌனமும் ஒரு பதில்தான்.

மொழியை எங்கள் ஊர்க்காரர் சாதாரணமாக எடுத்துக்கொள்வதுண்டு. தமிழும் சிங்களமும் கலந்து புழங்கும் பட்டினம் இது, துறைமுகத்திலோ கந்தோரிலோ வேலை செய்த பழைய ஆட்கள் பலர் சிங்களம் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் பாரிசவாதம் வந்தவருக்கும் மறதி நோய் உள்ளவருக்கும் பிறகு படித்த மொழி கைவிட்டுப்போய், தாய்மொழி மட்டும் மிஞ்சக்கூடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா அப்படித்தான். நாற்பது வருடம் சிங்களத்தில் கணக்கு எழுதியவர், கடைசியில் "தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அது விளங்கவில்லை. சாப்பாடும் அப்படியே. மரக்கறிச் சமையல் வீடு என்றால் முதலே சொல்லுங்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் சகோதரி வருகிறார் என்றால் அவருடைய தொழுகை நேரத்தையும் சாப்பாட்டையும் முதல் நாளே கேட்டு இடம் ஒதுக்குங்கள். பேசாமல் விட்டால்தான் மனக்கசப்பு.

அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. நானும் தம்பியும் பேசினோம், முகவரோடு பேசினோம், பக்கத்து வீட்டு அக்காவோடும் பேசினோம். கட்டிலில் இருந்த அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. அறியாத ஒருத்தி தன்னைக் கழுவிவிடுவது அம்மாவுக்குத் தாங்க முடியாத கூச்சம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். குடித்தால் சிறுநீர் வரும், வந்தால் கூப்பிட வேண்டும் அல்லவா?

அது கச்சான் அடிக்கும் காலம். அந்த வரண்ட சூட்டுக் காற்றில் திடகாத்திரமானவர்களுக்கே நாக்கு வரளும். ஒரு கிழமையில் அம்மா ஆள் மாறிப் பேசத் தொடங்கினார், செத்துப்போன பெரியம்மாவை இரவில் கூப்பிட்டார். மூளை போய்விட்டது என்றே நினைத்து அழுதோம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் உடலில் நீர் வற்றி, சிறுநீரில் கிருமித் தொற்று. மருந்தும் சேலைனும் ஏற்றிச் சில நாளில் பழைய அம்மா திரும்பினார். முதியவர் ஒருவர் ஓரிரு நாளுக்குள் திடீரெனக் குழம்பிப் பேசினால் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். மறதி நோய் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் வரும். திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் தொற்று, நீரிழப்பு, சீனி குறைவு, மருந்து மாறியது என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டோம். குளிக்கும்போது கதவைச் சாத்த வேண்டும், மேலே ஒரு துணி மூடியிருக்க வேண்டும், முகத்தைத் தானே கழுவ வேண்டும் என்றார். கேட்டது அவ்வளவுதான். அப்பாவாக இருந்தால் ஆண் ஒருவர் வேண்டுமா என்றும் கேளுங்கள்.

மருந்தில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லாமல் விட முடியாது. கிளினிக்கில் ஒரு மருந்து தருவார்கள், சனல் பண்ணிய வைத்தியர் வேறு பெயரில் அதையே எழுதியிருப்பார், பராமரிப்பாளர் இரண்டையும் கொடுப்பார். கிளினிக் கொப்பியையும் எல்லா மருந்துப் பெட்டிகளையும் ஒரே பையில் கொண்டுபோய் ஒரு வைத்தியரிடம் காட்டி, ஒரே பட்டியலாக எழுதுவியுங்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர் என்றால், சாப்பாடு தயாராக இல்லாமல் ஊசி போடக் கூடாது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள். திடீரென வியர்த்து, நடுங்கி, குழம்பினால் இரத்தத்தில் சீனி 70க்குக் (mg/dL) கீழ் இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அடிக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம். இதைத் தெரியாத பராமரிப்பாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். வீட்டு விலாசத்தையும், எந்தக் கோயிலடியில் திரும்ப வேண்டும் என்பதையும் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

காசு விசயம் சுருக்கமாக. அப்பாவின் பென்சன் எடுக்கும் வங்கி அட்டையை வேலைக்கு வந்தவரிடம் கொடுக்காதீர்கள். அது அவருக்கும் பாதுகாப்பு இல்லை. சம்பளத்தை மாதத்தில் ஒரே திகதியில் நேரே அவர் கைக்கோ கணக்குக்கோ போடுங்கள். கமரா வைத்தால் சொல்லிவிட்டு வையுங்கள், குளிப்பாட்டும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் வேண்டாம்.

பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடுகளை அவரிடம் கேட்கலாம். 60 வயது கடந்தவருக்கான முதியோர் அடையாள அட்டைக்கும் அங்கேயே போகலாம். நாங்கள் போனது ஐந்தாவது மாதம். ஊரில் யார் யார் இந்த வேலை செய்கிறார்கள் என்ற பேச்சும் அங்கேதான் காதில் விழுந்தது. இப்போது அம்மாவோடு இருப்பவர் அந்தப் பேச்சில் கிடைத்தவர். மூன்று நாள் சம்பளத்தோடு பழகிப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்துக்கொண்டோம். அவர் லீவில் போகும் நாட்களுக்கு இன்னொருவருடைய இலக்கமும் சுவரில் இருக்கிறது.